மேனேஜர் வெளியே வந்த நாள்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. எதிரில் இருந்த அம்மாள் வழி முழுக்கத் தன் மூட்டு வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. தையல் கடையை மறுபடி திறந்து மூன்று நாளாகிறது. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடம் மாற்றி வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்தேன். முப்பத்தைந்து வருஷத் தையலில் இப்படி நடந்ததில்லை.

உங்கள் வேலையிடத்து முகவரிக்கு எழுதுவது ஏன் என்று உங்களுக்கே தெரியும். போன் பண்ணினால், "அம்மா எதுக்கு உங்ககிட்ட தனியா பேசறாங்க" என்று பாப்பா கேட்பாள். அதற்கு நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவரும். எனக்காகச் சொன்ன ஒரு பொய் போதும்.

மேனேஜர் கிடைத்ததா? அதைக் கேட்கத்தான் உட்கார்ந்தேன், ஊர்க்கதை எல்லாம் எழுதிக்கொண்டிருக்கிறேன். எல்லாரையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டு ஒரு துரும்பையும் நகர்த்தாததால் அந்தச் சாம்பல் நிறப் பூனைக்கு நீங்கள் வைத்த பெயர் என்று பாப்பா சொல்லிச் சிரித்தாள். ஆறு வருஷம் கழித்து அவள் என் எதிரில் சிரித்தது அதற்குத்தான்.

பூனை காணாமல் போன அன்றைக்கு நீங்கள் டூல்ஸ் பையோடு மாடிப்படி ஏறி வந்தபோது நான் மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்து பூனையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒன்றும் விசாரிக்கவில்லை. "எவ்வளவு நேரமாச்சு அத்தை?" என்று மட்டும் கேட்டீர்கள். கீழே போய்த் தெரு முழுக்கத் தேடிவிட்டு வந்து, "நீங்க உள்ள போங்க. குப்பை கொண்டுபோகும்போது நான்தான் கதவைத் திறந்து போட்டுட்டேன்னு சொல்லிக்கறேன். நீங்க வாயே திறக்காதீங்க" என்றீர்கள்.

நானும் திறக்கவில்லை. பாப்பா உங்களைத் திட்டியபோது சமையலறையில் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். உங்கள் கல்யாணத்துக்கு வராதவள் நான். "லிஃப்ட் ரிப்பேர் பண்றவனுக்கா என் பொண்ணு" என்று நான் கேட்டது உங்கள் காதுக்கு வந்திருக்கும். அப்படிப்பட்டவளுக்காக நீங்கள் திட்டு வாங்கினீர்கள்.

ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
அத்தை


மார்ச் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை லிஃப்ட் மோட்டார் ரூமில் கிரீஸ் கையோடு பிரித்தேன். பத்திரமாக மடித்து வைத்திருக்கிறேன்.

மேனேஜர் இன்னும் கிடைக்கவில்லை. போட்டோ போட்டு நோட்டீஸ் அடித்து நானும் அவளும் நான்கு தெருவுக்கு ஒட்டினோம். மருந்துக் கடைக்காரர் பார்த்ததாகச் சொன்னார். போய்ப் பார்த்தால் அது வேறு பூனை. எங்களைப் பார்த்ததும் அது வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, நம் ஆளாக இருக்க முடியாது.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, "என்னைக் கண்டாதான் அதுக்கு ஆகல" என்றீர்கள். அப்படி நினைக்காதீர்கள். காலிங் பெல் அடித்தால் மேனேஜர் லீவு. கேஸ்காரர் வந்தால் அலமாரி உச்சியில். எதிர் வீட்டம்மா குரல் கேட்டால் சோபாவின் அடித்துணிக்குள். பிளம்பர் பூட்ஸோடு வந்தபோது வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தது. பூனை என்றாலே முகம் சுளிக்கிற ஒருத்தி இருக்கிறாள், உங்கள் மகளோடு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். அவள் வந்தால் மட்டும் நேராகப் போய் மடியில் ஏறிக்கொள்ளும். அவள் அதன் பக்கம் திரும்பவே மாட்டாள், அதனால்தான். குனிந்து பார்த்து, கையை நீட்டி, கொஞ்சிக் கூப்பிடுகிறவர்களிடம்தான் அதற்குப் பயம். நீங்கள் பாசத்தில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை கட்டிலடியில் எட்டிப் பார்த்தீர்கள். அதுதான் விஷயம்.

கதவு திறந்திருந்தது, பூனை போய்விட்டது. இது யாருக்கும் நடக்கும். மனதில் போட்டுக் குடையாதீர்கள்.

ஒரே ஒரு சிக்கல். நான் குப்பை கொண்டுபோனதாகச் சொன்ன அன்று குப்பைக்கூடை வழிய வழிய அப்படியே இருந்திருக்கிறது. உங்கள் மகள் பார்த்துவிட்டாள். பொய் சொல்லவும் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். எனக்கு அது இல்லை. சமாளித்துக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


மார்ச் 15

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நேற்று பாப்பா போன் பண்ணினாள். "சமாளித்துக்கொள்கிறேன்" என்று எழுதினீர்களே, இதுதானா சமாளித்தது?

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவர்தான்மா மேனேஜர எங்கயோ கொண்டுபோய் விட்டுட்டார். பூனை முடி ஒத்துக்கலன்னு வருஷம் முழுக்கத் தும்மிக்கிட்டே இருந்தார். 'ஒண்ணு மேனேஜர் போகணும், இல்ல நான் போகணும்'னு அடிக்கடி சொல்வார். விளையாட்டுன்னு நினைச்சேன். குப்பைக்குப் போனேன்னு பொய் சொல்றார். பொய் சொல்லிட்டு என் கூடவே நின்னு நோட்டீஸ் ஒட்டறார் பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல. பூனை போனா போகுது. இப்படி நடிக்கிற மனுஷனோட எப்படிம்மா ஒரே வீட்ல இருக்கறது?"

வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு வாங்கிவிட்டாளாமே. ஒன்றாம் தேதி அங்கே சேர வேண்டுமாம். அங்கே தங்கப் பெண்கள் விடுதியும் பார்த்துவிட்டாளாம். நீங்கள் எனக்கு இதை எழுதவே இல்லை.

கடைசியில் ஒன்று சொன்னாள். "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் கேக்கல."

மாப்பிள்ளை, என் பெண் என் பேச்சு சரி என்று சொல்ல வேண்டும் என்று ஆறு வருஷம் காத்திருந்தவள் நான். சொல்லிவிட்டாள். நான் "அவசரப்படாதே பாப்பா" என்றேன். அவ்வளவுதான் வந்தது. அவர் மேல் தப்பில்லை, கதவைத் திறந்தது நான் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுக் கடை ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்து அழுதேன்.

நான் சொல்லிவிடுகிறேன். சரி என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

அத்தை


மார்ச் 19

அன்புள்ள அத்தைக்கு,

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். கல்யாணமானதிலிருந்து தெரியாத நம்பரில் போன் வந்தால் அவள் ஓடிப்போய் எடுப்பாள். "அம்மாவா இருக்குமோன்னு பார்த்தேன்" என்பாள். யாராவது லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். ஆறு வருஷம் இப்படி. நீங்கள் வருகிறேன் என்று சொன்ன அன்று வீட்டை மூன்று தடவை துடைத்தாள். இப்போது கதவைத் திறந்தது அம்மாதான் என்று தெரிந்தால் பழையதெல்லாம் கிளம்பும். என் மேல் வந்த கோபம் ஆறிவிடும். நான் தினமும் கண்ணெதிரே திட்டு வாங்கக் கிடைப்பேன். உங்கள் மேல் வந்தால் ஆற வழியில்லை.

நீங்கள் செய்தது கவனக்குறைவு. அதற்குப் போய் அம்மாவையும் மகளையும் நான் பிரிக்க வேண்டுமா?

பெட்டி கட்டியிருக்கிறாள், உண்மைதான். ஹாலில் நான்கு அட்டைப்பெட்டி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவால் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறாள். நான் டீ போட்டு வைத்தால் குடிக்கிறாள். டம்ளரைக் கழுவி வைக்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. பூனை இல்லாத வீட்டிலும் எனக்குத் தும்மல் நிற்கவில்லை. அதையாவது கவனித்தாளா என்று தெரியவில்லை.

பொறுங்கள். எல்லாம் சரியாகும்.

மாப்பிள்ளை


மார்ச் 23

மாப்பிள்ளைக்கு,

"கவனக்குறைவு" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வார்த்தையைப் படித்த பிறகு என்னால் தைக்க முடியவில்லை. நடந்ததை எழுதுகிறேன். முழுதும் படியுங்கள்.

அந்தப் பூனை பன்னிரண்டு நாளும் என்னைக் கண்டு ஓடிக்கொண்டே இருக்கவில்லை; முதல் ஒன்பது நாள்தான். பத்தாம் நாள் மத்தியானம் நீங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்தீர்கள். ஹாலில் தரையில் உட்கார்ந்து உங்கள் ஜன்னல் திரைக்கு ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கண் ஊசியில் இருந்தது. ஏதோ துணியை இழுக்கிற மாதிரி இருந்தது. பார்த்தால் மேனேஜர். தைத்து முடித்த பக்கத்தில் ஏறி உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடி ஊசியைப் பார்த்துத் தைக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் என் முழங்கையில் கன்னத்தைத் தேய்த்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்குப் போகிற அன்று எல்லார் முன்னாலும் "மேனேஜர்" என்று கூப்பிட வேண்டும், அது வர வேண்டும், பாப்பா வாயைப் பிளக்க வேண்டும் என்று திட்டம் போட்டேன். சின்னப் பிள்ளைத்தனம். பதினோராம் நாளும் வந்தது. ஒரு துண்டு மீன் வைத்தேன். தின்றது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் பாப்பா கிளம்புகிற அவசரத்தில் சொன்னாள்: "அம்மா, மேனேஜர் நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல. நீ நடமாடறது அதுக்குப் பயமா இருக்கு. கொஞ்ச நேரம் உன் ரூம்ல கதவ சாத்திட்டு இரேன், அது சாப்பிட்டு முடிக்கட்டும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது சாப்பிடாததற்குக் காரணம் நான் வைத்த மீன். அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் அவள் அதனிடம் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுவது கேட்டது. "என் ராஜால்ல, ஒரு வாய், இன்னொரு வாய்." என்னிடம் அப்படி ஒரு வார்த்தை அவள் பேசி எத்தனை வருஷம் ஆகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பூனை சாப்பிட்டு முடித்து, அவள் கிளம்பிப்போன பிறகு வெளியே வந்தேன்.

மத்தியானம் திரையை உதறலாம் என்று வாசல் கதவைத் திறந்தேன். மேனேஜர் என் பின்னாலேயே வந்தது. என் காலை உரசிக்கொண்டு வாசலைத் தாண்டி, படிக்குப் பக்கத்தில் போய் நின்று திரும்பி என்னைப் பார்த்தது. கூப்பிட்டிருந்தால் வந்திருக்கும். எனக்குத் தெரியும், வந்திருக்கும்.

நான் கதவைச் சாத்தினேன்.

சாத்தின கதவுக்குப் பின்னால் உட்காருவது எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியட்டும். இதுதான் நான் நினைத்தது. ஒரு வாயில்லா ஜீவனிடம் போய் இதை நினைத்தேன். திரையின் ஒரு பக்கத்தைத் தைத்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். கால் மணி நேரம் இருக்கும். திறந்தபோது அது இல்லை.

என்னைக் கண்டு பயந்துகொண்டே இருந்திருந்தால் அது கட்டிலடியிலேயே இருந்திருக்கும். நம்பித்தான் என் பின்னால் வந்தது.

இதையே பாப்பாவுக்கும் எழுதிவிட்டேன். உறை தையல் மெஷின் மேல் இருக்கிறது. இரண்டு நாளாக அங்கேயேதான் இருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் அதன் மேல் அளவு ஜாக்கெட்டைக்கூட வைத்துவிட்டுப் போகிறார்கள். நான் எடுத்துப் பார்த்துவிட்டு அங்கேயே வைக்கிறேன்.

அத்தை


மார்ச் 27

அத்தைக்கு,

படித்தேன். உடனே எழுத வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். நீங்கள் கதவைத் திறந்து போட்டுவிட்டீர்கள் என்று நினைத்துத்தான் பழியை ஏற்றுக்கொண்டேன். நான்கு வாரமாக அவள் என்னைப் பார்க்கிற பார்வை எப்படிப்பட்டது தெரியுமா? பூனையைக் கொண்டுபோய் எங்கோ தொலைத்துவிட்டு நடிக்கிறவனைப் பார்க்கிற பார்வை. அதையும் பொறுத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்துக்கொண்டே சாத்தினீர்கள் என்று தெரிந்திருந்தால் பொறுத்திருப்பேனா? தெரியவில்லை.

பிறகு வேறு ஒன்றும் யோசித்தேன். கட்டிலில் உட்கார்ந்து பூனை சாப்பிட்டு முடிக்கக் காத்திருந்தீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அன்று காலை நானும் வீட்டில்தான் இருந்தேன். அவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. "அம்மாவ அப்படிச் சொல்லாத" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஷூ போட்டுக்கொண்டிருந்தேன். போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நான் அவளிடம் சொல்லப்போவதில்லை. இப்போது நான் சொன்னால் தப்பிக்க உங்கள் மேல் பழி போடுகிறேன் என்பாள். அவளுக்கு முப்பத்தொன்றாம் தேதி காலை ரயில். அந்த உறையை அனுப்புங்கள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 3

அன்புள்ள அத்தைக்கு,

முப்பதாம் தேதி சாயங்காலம் உங்கள் கூரியர் அவள் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கண் பரிசோதிக்கிற அறையில் நின்றுகொண்டே படித்திருக்கிறாள். நாற்காலியில் ஒரு பெரியவர் எழுத்துகளைப் படித்துக் காட்டிவிட்டு, "சரியாம்மா, சரியாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். இவள் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாளாம்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்தாள். "நீங்க ஏன் என்கிட்ட சொல்லல?" என்றாள். "உங்கம்மாவை நீ மறுபடி இழந்துடக் கூடாதுன்னு" என்றேன். "அதை முடிவு பண்ண நீங்க யாரு?" என்றாள். நியாயமான கேள்வி. நீங்களும் நானும் சேர்ந்து அவளை ஒரு மாதம் முட்டாளாக்கினோம் என்றாள். அதுவும் சரிதான்.

ரயிலுக்குப் போகவில்லை. மாற்றலை ரத்து செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறாள். நேற்று இரண்டு பெட்டியைப் பிரித்தோம். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நானும் கேட்டேன். முழுதாகச் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பேசிக்கொள்கிறோம், அது உண்மை.

உங்களுக்கு இப்போது போன் பண்ண மாட்டாள். "என்னால முடியல. எப்ப முடியும்னு கேக்காதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை.

நேற்று சாப்பிடும்போது திடீரென்று தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அம்மா இங்க இருந்த பன்னெண்டு நாள்ல நான் எத்தனை தடவை அவங்க பக்கத்துல போய் உட்கார்ந்திருப்பேன்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் நினைவில்லை. அதற்கு மேல் அவள் சாப்பிடவில்லை.

உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள். எனக்கு வேண்டாம். அவள் பேருக்கே வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

மேனேஜரைப் பற்றி ஒன்றும் தகவல் இல்லை. மழையில் நனைந்த நோட்டீஸ்களை எடுத்துவிட்டு இருவரும் புதிதாக ஒட்டிவிட்டு வந்தோம்.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஏப்ரல் 7

பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். பிரிக்காமல் போட்டுவிட்டாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

நீ கேட்டதை மாப்பிள்ளை எழுதியிருந்தார். நீ ஒரே ஒரு தடவை உட்கார்ந்தாய். எட்டாம் நாள் சாயங்காலம். எனக்கு ஊசியில் நூல் கோக்கக் கண் தெரியவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து கோத்துக் கொடுத்துவிட்டு, "அம்மா, உனக்குப் பவர் ஏறியிருக்கும், கடைக்கு வா, செக் பண்ணிடறேன்" என்றாய். இரண்டு நிமிஷம் இருக்கும். நல்ல மனதோடுதான் சொன்னாய். அடுத்த நாள் இருவருமே மறந்துவிட்டோம்.

இதைப் படித்துவிட்டு நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்வாய். அதற்காக இதை எழுதவில்லை. நீ உட்காரவில்லை என்பது உண்மை. நான் கூப்பிடவில்லை என்பதும் உண்மைதானே? கூப்பிட்டிருந்தால் வந்திருப்பாய். வேலை முடிந்து நீ வந்ததும் "பாப்பா, இங்க வந்து உட்காரு" என்று சொல்ல எனக்கு என்ன கேடு? ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுப்பேன். உன் கல்யாணத்துக்கு வராதவள், ஆறு வருஷம் ஒரு போன் போடாதவள், எந்த முகத்தோடு கூப்பிடுவது? உன்னைக் கூப்பிட வாய் வரவில்லை. அதனால்தான் குனிந்து குனிந்து உன் பூனையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதுவாவது வந்தால் போதும் என்று இருந்தது. அது வந்தது. வந்ததை நான் வெளியே விட்டுக் கதவைச் சாத்தினேன்.

மன்னித்துவிடு என்று எழுதத் தயக்கமாக இருக்கிறது. மன்னிக்கவில்லை என்றால் நீ கெட்டவள் என்று ஆகிவிடும். அப்படி இல்லை. உன் இஷ்டம்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் போட வேண்டாம். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை மட்டும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

பாப்பா, இங்க வந்து கொஞ்ச நேரம் அம்மா பக்கத்துல உட்காரு.

அம்மா